கயாக்கின் கயிறும் இணைப்புகளும்: அளவைத் தீர்மானிப்பவை

கயாக் எனப்படும் ஒடுங்கிய துடுப்புப் படகில் கயிறு ஒன்றுக்கு மேற்பட்ட வேலைகளைச் செய்கிறது. மேல்தளத்தின் விளிம்பையொட்டி ஓடும் பிடிகயிறு, வரைபடத்தையும் உதிரித் துடுப்பையும் அழுத்திப் பிடிக்கும் ரப்பர்க் கயிறு, சுக்கானைத் திருப்பும் மெல்லிய கயிறு, களைத்துப்போனவரின் படகை இழுத்துச் செல்லும் இழுவைக் கயிறு, ஆற்றில் அடித்துச் செல்லப்படுபவரை நோக்கி வீசப்படும் மீட்புக் கயிறு என ஒவ்வொன்றுக்கும் தனிக் கடமை உண்டு. இவற்றுக்கு எத்தனை மில்லிமீட்டர் தடிமன் பொருந்தும், இவற்றைப் படகுடன் பிணைக்கும் போல்ட், வளையம், கப்பி, கரபைனர் ஆகியவை எந்த அளவில் இருக்க வேண்டும் என்ற கேள்விக்கு, அறுபடு வலிமையை மட்டும் பார்த்து விடை சொல்வதே பரவலான வழக்கம். அறுபடு வலிமை என்பது ஒரு கயிறு அறும் கணத்தில் அதன்மேல் இருக்கும் இழுவிசை. கணக்கிட்டுப் பார்த்தால், கயாக்கில் பயன்படும் பெரும்பாலான கயிறுகளில் இந்த வலிமை தேவைக்கு மேல் பல மடங்கு மிஞ்சியே இருக்கிறது. தடிமனை உண்மையில் தீர்மானிப்பவை அதைப் பற்றும் கை, அது நுழைந்து செல்லும் துளை, நெருக்கடியில் அதை விடுவிக்கும் வழி ஆகிய மூன்றே. இம்மூன்றையும் கருதாமல் வலிமையை மட்டும் கூட்டிக்கொண்டே போவதால் பாதுகாப்பு கூடுவதில்லை. சில இடங்களில் அது குறையவும் செய்கிறது.

கிரீன்லாந்திலும் வடதுருவத்தை ஒட்டிய பிற கரைகளிலும் கயாக்கை உருவாக்கி வளர்த்த மக்கள் உலோக இணைப்பு எதுவும் இல்லாமலேயே இக்கேள்விக்குத் தேர்ந்த விடை கண்டிருந்தனர். சீல் தோலிலிருந்து அறுத்தெடுத்த வார்களை மேல்தளத்தின் குறுக்கே கட்டி, அவற்றின் கீழ் ஈட்டியையும் துடுப்பையும் செருகி வைத்தனர். இணையாக ஓடும் வார்களில் எலும்பாலோ தந்தத்தாலோ செதுக்கிய சிறு வில்லைகளைக் கோத்து, அவற்றை நகர்த்தி வாரை இறுக்கவோ தளர்த்தவோ செய்தனர். அந்த வில்லைகள் வாரைத் தளத்திலிருந்து சற்று உயர்த்தியும் வைத்ததால், குளிரில் விறைத்த விரல்கள் அதன் அடியில் எளிதில் நுழைந்தன. பற்றும் கைக்கு ஏற்ற அமைப்பே முதன்மையானது என்னும் கொள்கை அந்தப் படகுகளின் தளத்திலேயே தெரிகிறது.

செயற்கை இழைகளின் வருகையோடுதான் தடிமன் ஒரு சிக்கலான கேள்வியாயிற்று. 1935இல் நைலானும் 1941இல் பாலியெஸ்டர் இழையும் உருவான பின், ஒரே தடிமனுள்ள இரு கயிறுகள் முற்றிலும் வேறான குணங்களோடு விற்பனைக்கு வந்தன. நைலானின் அடர்த்தி தண்ணீரைப்போல் 1.14 மடங்கு, ஆகவே அது மூழ்கும், இழுத்தால் நன்றாக நீளும், நனைந்தால் வலிமையில் 10 முதல் 15 விழுக்காடு வரை இழக்கும். பாலியெஸ்டரின் அடர்த்தி 1.38, அதுவும் மூழ்கும், ஆனால் குறைவாகவே நீளும், நனைந்தாலும் வலிமை குன்றாது, வெயிலையும் நன்கு தாங்கும். பாலிபுரொப்பிலீனின் அடர்த்தி 0.91 ஆதலால் அது மிதக்கும், விலையும் மலிவு, ஆனால் வெயிலில் விரைவில் நொறுங்கும். டைனீமா, ஸ்பெக்ட்ரா என்னும் வணிகப் பெயர்களில் அறியப்படும் உயர்வலிமைப் பாலிஎத்திலீன் இழை 0.97 அடர்த்தியோடு மிதப்பதுடன், அதே தடிமனுள்ள நைலானைவிட மிக வலிமையானது. எனினும் அது வழுவழுப்பானது, 150 டிகிரி செல்சியசுக்குக் கீழேயே உருகிவிடுவது, தொடர்ந்து இழுவிசையில் இருந்தால் மெல்ல நீண்டுகொண்டே போவது. தமிழகக் கரையோரக் கடைகளில் இவற்றுள் பலவும் நைலான் கயிறு என்ற ஒரே பெயரில் விற்கப்படுவதால், வாங்கும்முன் ஒரு துண்டைத் தண்ணீரில் போட்டுப் பார்ப்பது பயனுள்ள சோதனை.

வட்டக் கயிற்றின் வலிமை அதன் குறுக்குவெட்டுப் பரப்பைப் பொறுத்தது. எனவே தடிமன் இரட்டிப்பானால் வலிமை ஏறத்தாழ நான்கு மடங்காகிறது. மலையேற்றத்துக்கான துணைக்கயிறுகளை வரையறுக்கும் இ.என். 564 என்னும் ஐரோப்பியத் தரவிதி இந்த உறவையே அடிப்படையாகக் கொண்டது. அதன்படி 4 மில்லிமீட்டர் கயிறு குறைந்தது 3.2 கிலோநியூட்டனும், 5 மில்லிமீட்டர் 5.0 கிலோநியூட்டனும், 6 மில்லிமீட்டர் 7.2 கிலோநியூட்டனும், 8 மில்லிமீட்டர் 12.8 கிலோநியூட்டனும் தாங்க வேண்டும். ஒரு கிலோநியூட்டன் என்பது சுமார் 102 கிலோ எடைக்குச் சமமான இழுப்பு. இதன் எதிரே, அமைதியான கடலில் சாதாரணத் துடுப்பு வேகத்தில் செல்லும் ஒரு நீண்ட கடல் கயாக்கை இழுத்துச் செல்லத் தேவைப்படும் விசை சில பத்து நியூட்டன்களைத் தாண்டாது. இரண்டு மூன்று கிலோ எடையைத் தூக்கும் அளவுதான். சீரான இழுப்புக்கு மட்டுமென்றால் 2 மில்லிமீட்டர் கயிறே போதும் என்பதும், அப்படியிருந்தும் அனுபவமுள்ள வழிகாட்டிகள் எவரும் அதைத் தேர்ந்தெடுப்பதில்லை என்பதும் சேர்ந்தே, வலிமைக் கணக்கு முழு விடையாகாது என்பதைக் காட்டுகின்றன.

விசை கூடும் இடங்கள் இரண்டு. ஒன்று, ஓடும் நீர் ஒரு பொருளின்மேல் மோதும் இடம். நீர் தரும் விசை வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடுகிறது. அரைச் சதுர மீட்டர் பரப்பை நீரோட்டத்துக்கு எதிரே காட்டும் ஒரு பொருள்மேல், எதிர்ப்புக் கெழு 1 என்று கொண்டால், விநாடிக்கு 1.5 மீட்டர் வேகத்தில் சுமார் 560 நியூட்டனும் 3 மீட்டர் வேகத்தில் சுமார் 2,250 நியூட்டனும் செயல்படும். மற்றொன்று, தொய்ந்திருந்த கயிறு திடீரென விறைக்கும் இடம். படகும் ஆளும் பொருளும் சேர்ந்து 120 கிலோ என்றும், அலையில் முன்பின்னாகப் போகும் இரு படகுகளுக்கிடையே வேக வேறுபாடு விநாடிக்கு 2 மீட்டர் என்றும் வைத்துக்கொண்டால், கயிறு உள்வாங்க வேண்டிய ஆற்றல் அதிக அளவாக 240 ஜூல். நீளாத தன்மையுள்ள 15 மீட்டர் டைனீமாக் கயிறு 15 சென்டிமீட்டர் மட்டுமே நீண்டு அதை உள்வாங்கினால் உச்ச விசை 3,200 நியூட்டன். அதே கயிற்றில் ஒரு மீட்டர் நீளக்கூடிய ரப்பர்ப் பகுதி சேர்ந்திருந்தால் உச்ச விசை 480 நியூட்டன். 3,200 நியூட்டனைக் கயிறு தாங்கிவிடும். இழுத்துச் செல்பவரின் இடுப்பு தாங்காது. வலிமை மிகுந்த, நீளாத கயிற்றை இழுவைக்குத் தேர்ந்தெடுத்துவிட்டு அதிர்ச்சி தாங்கும் பகுதியைச் சேர்க்காமல் விடுவது தவறான சிக்கனம் என்பது இந்த எளிய கணக்கிலேயே புலனாகும்.

கடல் கயாக்கின் பிடிகயிற்றில் கையின் தேவை மிகத் தெளிவாகத் தெரிகிறது. கவிழ்ந்து நீரில் கிடப்பவர் தம் படகை விட்டுவிடாமல் பற்றுவதற்கும், அருகில் வரும் துணைவர் அப்படகைப் பிடித்து நிலைநிறுத்துவதற்கும் உரியது அது. 3 அல்லது 4 மில்லிமீட்டர் கயிறு வலிமையில் போதுமானதாக இருந்தாலும், நீரில் ஊறி மென்மையான விரல்களில் அறுப்பதுபோல் பதிந்து, வலியாலேயே பிடியைத் தளர்த்தச் செய்யும். 5 மில்லிமீட்டர் கீழெல்லை. 6 மில்லிமீட்டர் பொருத்தமான அளவு. 8 மில்லிமீட்டர் பிடிக்க இன்னும் இதமானது என்றாலும், தளத்தில் பதிந்திருக்கும் பள்ள வளையங்களின் துளையில் அது பெரும்பாலும் நுழையாது. நுழைந்தாலும், அதே துளையில் வரவேண்டிய ரப்பர்க் கயிற்றுக்கு இடமிருக்காது. பள்ள வளையம் என்பது தளத்தின் மட்டத்துக்குக் கீழே குழிவாக அமைத்து, குழியின் குறுக்கே ஒரு சிறு தண்டை வைத்த இணைப்பு; மேலே ஏறுபவரின் உடலையோ மீட்பவரின் கையையோ அது கிழிக்காது என்பதால், துருத்தி நிற்கும் வளையத்தைவிட விரும்பத்தக்கது. பிடிகயிற்றை வீணைத் தந்திபோல் விறைப்பாகக் கட்டுவதும் பிழை. இரு வளையங்களின் நடுவே இரண்டு மூன்று சென்டிமீட்டர் உயர்ந்து விரல்களுக்கு வழிவிடும் அளவு தளர்வு வேண்டும். அதற்கு மேல் தளர்ந்தால் துடுப்பும் கையும் சிக்கிக்கொள்ளும். நைலான் நனைந்து தளர்ந்துவிடும் என்பதால், இவ்விடத்துக்குப் பின்னப்பட்ட பாலியெஸ்டரே ஏற்றது. துறைமுகக் கடைகளில் எடைக்கணக்கில் கிடைக்கும் மூன்று புரி முறுக்குக் கயிறு விலையில் கவர்ந்தாலும், இழுவையில் முறுக்கவிழ்ந்து புரண்டு கொடுப்பதால் பிடிகயிறாக நீண்டநாள் நிலைப்பதில்லை.

படகின் இரு முனைகளிலும் இருக்கும் கைப்பிடிகள் தனிக் கவனத்துக்குரியவை. முனையில் வெறும் கயிற்று வளையம் மட்டும் இருந்து, கவிழ்ந்தவர் அதனுள் விரல்களை நுழைத்துப் பிடித்திருக்கும்போது, கரையை நோக்கி உடையும் அலை படகை உருட்டினால், வளையம் முறுக்கேறி விரல்களை இறுக்கிப் பிணித்துவிடும். நீர் நிரம்பிய கயாக்கின் நிறை 200 கிலோவையும் கடக்கக்கூடும் என்பதால், அப்போது விரலை உருவிக்கொள்ள இயலாது. இதனால்தான் முனையில் தொங்கும் உருளைக் கட்டை ஒன்றை உள்ளங்கையில் அடக்கிப் பிடிக்கும் அமைப்பு கடல் கயாக்குகளில் நிலைபெற்றது. படகு உருண்டாலும் கட்டை கைக்குள் சுழலுமே தவிர விரல்களைப் பிணிக்காது. இக்கட்டையின் விட்டம், அது தொங்கும் கயிற்றின் தடிமனைவிட எத்தனையோ மடங்கு முக்கியமானது.

ரப்பர்க் கயிற்றைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இயற்கை ரப்பர் இழைகளின்மேல் துணியுறை பின்னப்பட்ட இக்கயிறு தளப்பொருள்களுக்கு 5 அல்லது 6 மில்லிமீட்டரும், துளைமூடிகளைத் தொலையாமல் கட்டிவைக்க 4 மில்லிமீட்டரும் போதும். உயிரைத் தாங்கும் இடம் எதிலும் இது மட்டுமே நிற்கக் கூடாது.

இழுவைக் கயிற்றின் நீளத்தை அலை தீர்மானிக்கிறது. பின்வரும் படகு அலைமேல் சறுக்கி முன்னிருப்பவரின் முதுகில் மோதாதிருக்க 10 முதல் 15 மீட்டர் வரை தேவைப்படுகிறது. பாறைகளிலிருந்து உடனே விலக்க வேண்டிய நெருக்கடியில் ஒரு மீட்டருக்கும் குறைந்த குட்டைக் கயிறே உதவுகிறது. தடிமனில் 5 அல்லது 6 மில்லிமீட்டர் மிதக்கும் கயிறு நடுவழியாக அமைகிறது. 3 மில்லிமீட்டர் டைனீமா சிறு பையில் அடங்கும் என்பதால் விரும்பப்பட்டாலும், அதை வெறுங்கையால் இழுத்துச் சுருட்டுவது கடினம். சிக்கலும் எளிதில் விழும். விழுந்த சிக்கலை ஈரவிரலால் அவிழ்ப்பதும் அரிது. இடுப்பில் அணியும் இழுவைப் பட்டையைப் பொறுத்தவரை, பட்டையின் அகலத்தைவிட அதன் விடுவிப்புக் கொக்கியே உயிர்நாடியானது. ஒரு கையால், பார்க்காமல், தலைகீழாகத் தொங்கும்போதும் இழுத்தவுடன் பட்டை முழுதும் நழுவி ஓட வேண்டும். கயிறு தளர்ந்திருக்கும் நிலையில் கொக்கி திறப்பதைக் கண்டு நிறைவடைவது போதாது; மற்றொருவர் முழு பலத்தோடு இழுத்துக்கொண்டிருக்கும்போது நீருக்குள்ளேயே அதைச் சோதிப்பதுதான் உண்மையான சோதனை. பிச்சாவரம் போன்ற அலையாத்திக் கால்வாய்களில், நீரில் இழுபடும் தளர்ந்த கயிறு வேர்களில் மாட்டிக்கொள்ளும் வாய்ப்பு கூடுதல். அங்கே நீண்ட கயிற்றைவிடக் குட்டைக் கயிறே பொருந்தும்.

இழுவைக் கயிற்றின் முனையில் இருக்கும் கரபைனர், அதாவது வில்விசையால் தானே மூடிக்கொள்ளும் கதவுடைய வளையம், பெரும்பாலும் மலையேற்றக் கடைகளிலிருந்து வாங்கப்படுகிறது. இ.என். 12275 தரவிதியின்படி வழக்கமான ஏற்றக் கரபைனர் நீள்திசையில் 20 கிலோநியூட்டன் தாங்க வேண்டும். கயாக் இழுவைக்கு அதில் பத்தில் ஒரு பங்கே பெரிது. எனவே இங்கும் அளவைத் தீர்மானிப்பது வேறொன்று: 6 மில்லிமீட்டர் பிடிகயிற்றில் கையுறை அணிந்த கையால் மாட்டிக் கழற்றக்கூடிய கதவுத் திறப்பு. கதவு மூடும் இடத்தில் கொக்கிபோன்ற வளைவு இருந்தால், கழற்றும் வேளையில் கயிறு அதில் மாட்டிக்கொள்ளும். வழுவழுப்பான மூக்குடைய வகையே உகந்தது. கடலில் அலுமினியக் கரபைனரின் கதவு அச்சில் உப்புப் படிந்து இறுகிவிடக்கூடும் என்பதால், நன்னீரில் ஒவ்வொரு முறையும் கழுவும் பழக்கமில்லாதவர்கள் கூடுதல் எடையைப் பொறுத்துக்கொண்டு துருப்பிடிக்காத எஃகுக் கரபைனரை வாங்குவது நல்லது.

ஆற்று மீட்பில் பயன்படும் வீச்சுக்கயிறு முற்றிலும் வேறான தர்க்கம் உடையது. பையில் திணித்து வைக்கப்படும் இக்கயிறு வழக்கமாக 15 முதல் 20 மீட்டர் நீளமும் 8 முதல் 10 மில்லிமீட்டர் தடிமனும் உடையதாக, மிதக்கும் இழையால் ஆனதாக இருக்கும். முன்னர்க் கண்டபடி, விநாடிக்கு 3 மீட்டர் வேகமுள்ள ஓட்டத்தில் அசையாமல் பிடித்து நிறுத்தப்பட்ட ஓர் உடல்மேல் 2,000 நியூட்டனுக்கு மேற்பட்ட விசை வரக்கூடும். கரையில் நிற்கும் ஒருவர் தாங்கக்கூடியது அதில் ஒரு சிறு பங்கே. ஆகவே கயிறு இறுகும் கணத்தில் கரையில் இருப்பவர் கீழ்நோக்கி நடந்தும் சிறிது கயிற்றை விட்டுக்கொடுத்தும், நீந்துபவரை ஊசல்போல் கரைக்கு வரச் செய்கிறார். இந்த விட்டுக்கொடுத்தலுக்குக் கையில் வழுக்கினாலும் தோலை எரிக்காத, இறுக்கினால் நிற்கும் தடிமன் தேவை. 6 மில்லிமீட்டர் கயிறு பையைச் சிறிதாக்கும், ஆனால் இந்த வேலையில் கையைக் கைவிடும். எறிபவர் கையில் இருக்கும் முனையில் முடிச்சோ வளையமோ இருக்கலாகாது என்பதும் மீட்புப் பயிற்சிகளில் வலியுறுத்தப்படுகிறது. கைநழுவிப் போன கயிற்றின் முடிச்சு பாறையிடுக்கில் செருகிக்கொண்டால், மறுமுனையைப் பிடித்திருப்பவர் வெள்ளத்தின் நடுவே கட்டுண்டு நிற்பார்.

பாறையில் அழுந்திய படகை விடுவிக்கக் கப்பிகளால் இழுக்கும்போது மட்டுமே அறுபடு வலிமை முதன்மை பெறுகிறது. மூன்று மடங்கு ஆதாயம் தரும் அமைப்பில், கயிற்றைத் திருப்பும் இரு இடங்களிலும் வெறும் கரபைனரை வைத்து, ஒவ்வொரு திருப்பத்திலும் இழுப்பில் 60 விழுக்காடு மட்டுமே மறுபுறம் சேர்கிறது என்று கொண்டால், கிடைக்கும் ஆதாயம் 1.96 மடங்கே, 90 விழுக்காடு கடத்தும் நல்ல கப்பிகளை வைத்தால் 2.71 மடங்கு. சுமை தாங்கும் கப்பியின் சக்கரம் கயிற்றுத் தடிமனைப்போல் எட்டு மடங்கு இருக்க வேண்டும் என்ற பொதுவிதியும் இங்கேதான் பொருள்படுகிறது. இழுத்த அளவைப் பிடித்து நிறுத்தும் புரூசிக் முடிச்சு, ஆஸ்திரிய மலையேறியான கார்ல் புரூசிக் 1931இல் அறிமுகப்படுத்தியது. தாய்க்கயிற்றைவிட மெல்லிய கயிற்றால் சுற்றப்பட்டால்தான் அது கவ்வும். 9 அல்லது 10 மில்லிமீட்டர் கயிற்றின்மேல் 6 மில்லிமீட்டர் நைலான் நன்கு பிடிக்கிறது. வழுக்கும் டைனீமா உராய்வுச் சூட்டில் உருகவும் கூடும் என்பதால் இதற்கு உதவாது.

சுக்கான் கயிற்றில் நீட்சியே பகை. மிதியை அழுத்தியவுடன் சுக்கான் திரும்ப வேண்டும் என்பதற்காக முன்பு 49 அல்லது 133 மெல்லிய கம்பிகளை முறுக்கிய துருப்பிடிக்காத எஃகு வடமே பயன்பட்டது. அது வளையும் இடத்தில் ஒவ்வொரு கம்பியாக ஒடிந்து, கையைக் குத்தும் முட்களாக நீட்டிக்கொள்ளும். இன்று 2 முதல் 3 மில்லிமீட்டர் டைனீமா அந்த இடத்தைப் பிடித்துவருகிறது. அது மெல்ல நீளும் இயல்பை ஈடுகட்ட, மிதியருகே நீளத்தைச் சரிசெய்யும் வசதி அவசியம்.

இணைப்புகளின் வலிமையைக் கயிற்றோடு சேர்த்து ஒரே தொடராகப் பார்ப்பது இன்றியமையாதது. 7.2 கிலோநியூட்டன் தாங்கும் 6 மில்லிமீட்டர் கயிறு, முடிச்சின் வகையைப் பொறுத்து 20 முதல் 40 விழுக்காடு வலிமையை இழக்கிறது. டைனீமாவில் இந்த இழப்பு பாதியையும் தாண்டும், சாதாரண முடிச்சுகள் அதில் நழுவவும் செய்யும். அடுத்துள்ள எம்5 அளவுப் போல்ட், ஏ4-70 தர எஃகாக இருந்தால், 14.2 சதுர மில்லிமீட்டர் பரப்பில் ஒன்றுக்கு 700 நியூட்டன் என்ற கணக்கில் சுமார் 9.9 கிலோநியூட்டன் தாங்கும். ஆனால் அந்தப் போல்ட் கடந்து நிற்கும் பாலிஎத்திலீன் தளம் அதற்கெல்லாம் வெகுமுன்பே வளைந்து, துளை விரிந்து, போல்ட்டை விட்டுவிடும். எம்8 போல்ட்டுக்கு மாறுவதால் இங்கே நன்மை இல்லை, துளைதான் பெரிதாகும். தீர்வு உட்புற வாஷரில் இருக்கிறது. எம்5 போல்ட்டுடன் வரும் 10 மில்லிமீட்டர் வாஷருக்குப் பதிலாக 25 மில்லிமீட்டர் அகல வாஷரை வைத்தால், அழுத்தம் பரவும் பரப்பு ஏறத்தாழ எட்டு மடங்காகிறது. பாலிஎத்திலீன் வெப்பத்தில் எஃகைவிடப் பத்து மடங்கு அளவில் விரிந்து சுருங்குவதால் போல்ட்டுகள் தாமாகத் தளரும். நைலான் வளையம் பதித்த நட்டு அதைத் தடுக்கும்.

எஃகின் தரமும் அளவைப் போலவே கவனத்துக்குரியது. 304 அல்லது ஏ2 எனப்படும் வகையில் குரோமியமும் நிக்கலும் உண்டு. 316 அல்லது ஏ4 எனப்படும் வகையில் அவற்றோடு 2 முதல் 3 விழுக்காடு மாலிப்டினமும் சேர்ந்திருப்பதால், உப்புநீர் உண்டாக்கும் குழியரிப்பை அது கூடுதலாக எதிர்க்கிறது. காந்தத்தை வைத்து இவ்விரண்டையும் பிரித்தறிய முடியும் என்ற நம்பிக்கை தவறானது. இரண்டுமே காந்தத்துக்குப் பெரும்பாலும் வசப்படாதவை. போல்ட்டின் தலையில் பொறித்திருக்கும் ஏ4 குறியே நம்பத்தக்க அடையாளம். எஃகைக் காக்கும் மெல்லிய ஆக்சைடு படலம் நிலைக்க ஆக்சிஜன் வேண்டும். காற்றுப் புகாமல் ஈரம் மட்டும் தேங்கும் இடுக்கில், வெளியே பளபளக்கும் போல்ட்டின் கழுத்து உள்ளே அரிபட்டிருக்கலாம். ஆகவே மேலிருந்து பார்த்து நிறைவடையாமல், ஆண்டுக்கு ஒருமுறை ஓரிரு போல்ட்டுகளைக் கழற்றிப் பார்ப்பது அவசியம். அலுமினிய இணைப்பை எஃகுப் போல்ட்டால் பிணைத்தால், உப்புநீரின் துணையோடு அலுமினியம் கரையத் தொடங்கும். நடுவே பிளாஸ்டிக் வாஷர் வைப்பது அதைத் தணிக்கும்.

தமிழகம், இலங்கை போன்ற வெயில் மிகுந்த கரைகளில் கயாக்குகள் பெரும்பாலும் திறந்த வெளியிலேயே கிடப்பதால், குளிர்நாட்டுக் கையேடுகள் சொல்லும் மாற்றக் காலத்தை அப்படியே ஏற்பதற்கில்லை. பாலிபுரொப்பிலீன் கயிற்றை விரலால் தேய்த்தால் வெண்பொடி உதிர்ந்தாலோ, ரப்பர்க் கயிற்றை இழுத்துவிட்டபின் அது பழைய நீளத்துக்குத் திரும்பாவிட்டாலோ, அதை அன்றே கழற்றிவிட வேண்டும். கயிறு உள்ள படகில் அதை அறுக்கும் கத்தியும் இருப்பது எங்கும் ஒப்புக்கொள்ளப்பட்ட விதி. ஆனால் உயர்வலிமைப் பாலிஎத்திலீன் இழை வெட்டை எதிர்க்கும் இயல்புடையது என்பதால், வழக்கமான நைலானை எளிதில் அறுக்கும் அதே கத்தி அதன்மேல் வழுக்கிப் போகக்கூடும். கயிறு வாங்கும்போது அரை மீட்டர் கூடுதலாக வாங்கி, நீரில் நனைத்து, ஒரு முனையைக் கட்டி விறைப்பாகப் பிடித்து, மீட்புச் சட்டையில் செருகி வைத்திருக்கும் கத்தியாலேயே ஒரு கையால் அறுத்துப் பார்க்க வேண்டும்; ஓரிரு இழுப்பில் அறுபடாவிட்டால், கயிற்றையோ கத்தியையோ படகு நீரில் இறங்கும் முன்பே மாற்றிக்கொள்ள வேண்டும்.